மின்மினிக்கு இரண்டு வீடு

மலேசியாவின் பினாங்கு மாநிலத்திலுள்ள நிபோங் திபாலில் இருட்டிய பிறகு படகேறினால், சற்று நேரத்தில் ஊர் வெளிச்சம் பின்தங்கிவிடும். படகோட்டி இயந்திரத்தை நிறுத்துவார். கிரியான் ஆற்றங்கரையில் ஒரு மரம் முழுவதும் அணைந்து அணைந்து ஒளிரும். தீபாவளிக்கு நம் வீட்டு வாசலில் தொங்கும் லிப்-லாப் விளக்கை யாரோ கிளைக்குக் கிளை சுற்றிவிட்டதைப் போல இருக்கும். அத்தனையும் மின்மினிப் பூச்சிகள்.

பூச்சியின் வயிற்று நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் அது ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது ஒளி பிறக்கிறது; சூடு அநேகமாக இல்லை. இங்குள்ள தெரோப்டிக்ஸ் வகையின் ஆண் பூச்சிகள், அருகிலுள்ளவை மின்னும் நேரத்தைப் பார்த்துத் தங்கள் துடிப்பைச் சற்றே முந்தியோ பிந்தியோ மாற்றிக்கொள்கின்றன. இப்படியே ஒன்றையொன்று சரிசெய்து, மரமே ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது. பெண் பூச்சிகளை அழைக்கும் அழைப்பு இது.

அவை கூடும் மரத்தை மலாயில் பெரெம்பாங் என்பார்கள். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் ஆற்றோரத்தில் வளரும் சதுப்புநில மரம். பயணிகள் பார்ப்பது இந்த வீட்டை மட்டுமே. முட்டையிலிருந்து வரும் புழுக்களுக்கு இன்னொரு வீடு வேண்டும்: மரத்துக்குப் பின்னால், நீப்பா என்ற சதுப்புநிலப் பனையின் மட்டை நிழலில் இருக்கும் ஈர மண். அங்கே அவை சிறு நத்தைகளை வேட்டையாடிப் பல மாதங்கள் வளர்கின்றன. இறக்கை முளைத்த பிறகு சில வாரங்களே ஆயுள். பின்னால் உள்ள நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தால் நத்தை போகும். நத்தை போனால், ஒரு கிளையைக்கூட வெட்டாமலே மரம் இருண்டுவிடும். கரையில் பொருத்தும் பெரிய விளக்கு பூச்சிகளின் காதல் அழைப்பை மறைத்துவிடும். வேகப் படகின் அலையோ கரை மண்ணையே அரிக்கும்.

கெடுக்காமல் பார்த்துவிட்டு வருவது நல்ல சுற்றுலா. வந்து போனதால் இடம் முன்பைவிடச் செழிப்பது மீட்டெடுக்கும் சுற்றுலா. கிரியானில் அதற்கான அடித்தளம் இருக்கிறது. மரம் ஒளிர்ந்தால்தான் படகோட்டிக்கு வருமானம் என்பதால், கரையில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும் முதலில் அறிபவர் அவரே. காட்சி இரவில் மட்டுமே என்பதால் பயணிகள் ஊரிலேயே சாப்பிட வேண்டியிருக்கும். மீன் கடைக்கும் வாழையிலைச் சோற்றுக் கடைக்கும் காசு போகும். பினாங்கின் தலைநகரான ஜோர்ஜ்டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து, பொட்டலச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உடனே திரும்பினால் ஊருக்கு மிஞ்சுவது படகு டிக்கெட் மட்டுமே.

பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பினாங்கின் கடலோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் அலையாத்தி மரங்களை நட்டு வருகிறார்கள். சுங்கை ஆச்சே பக்கம் வரும் விருந்தினர்களையும் சேற்றில் இறக்கி நடவைக்கிறார்கள். வேர்களின் இடுக்கில் வண்டல் தங்குகிறது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. அதுவே பின்னர் வலையில் விழும் மீன். ஆனால் எந்தக் கன்றையும் எங்கும் நட முடியாது. கடல்முகத்தில் தழைக்கும் மரம் வேறு, உப்புக் குறைந்த மேலாற்றுக்குரிய பெரெம்பாங் வேறு. உப்பளவையும் நீர்மட்டத்தையும் பாராமல் நட்ட கன்று பட்டுப்போகும்.

கிரியானில் நான் காண விரும்புவது இதுதான்: டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு, பயணிகள் கண்ணில் படாத அந்தப் பின்நிலத்துக்குப் போக வேண்டும். நீப்பாவை வெட்டாமல், தண்ணீரை வடிக்காமல், மருந்து தெளிக்காமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்கு அது ஆண்டுதோறும் கிடைக்க வேண்டும்.