காலராவில் ஏன் அவ்வளவு தண்ணீர் போகிறது?

"காலரா கிருமி குடலை அரித்துவிடுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அரிக்காது. குடல் சுவர் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். ஆனாலும் நோய் கடுமையானால், அரிசி கழுநீர் போல வெளுத்த நீர் மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போகும்.

உணவு வழுக்கிச் செல்லக் குடலில் கொஞ்சம் நீர் கசிய வேண்டும். அதற்காகக் குடல் செல்களில் குளோரைடு அயனிகள் வெளியேறும் வாசல் ஒன்று உண்டு, பெயர் சி.எஃப்.டி.ஆர். ஹார்மோன் போன்ற ஒரு சேதி வந்து செல்லின் ஏற்பியைத் தொட்டால், உள்ளே அந்தச் சேதியைக் கடத்தும் ஜி-புரதம் விழித்துக்கொள்ளும். அப்புறம் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சேதி சொல்லும் சிறு மூலக்கூறு பெருகும், ஒரு நொதி வாசலில் பாஸ்பேட்டை ஒட்டும், வாசல் திறக்கும். குளோரைடு வெளியேற, பின்னாலேயே சோடியம், அதன் பின்னால் தண்ணீர்.

சரி, திறந்ததை மூடுவது யார்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. விழித்திருக்கும்போது ஜி-புரதம் ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும். அதன் மூன்று பாஸ்பேட்டுகளில் ஒன்றைத் தானே வெட்டிவிட்டு உறங்கிப்போகும். எரியும் தீக்குச்சியின் வெளிச்சத்தில் வேலை செய்வது போல: குச்சி தீர்ந்தால் வேலையும் நின்றுவிடும். அந்த வெட்டுக்கு ஆர்ஜினைன் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம் முக்கியம். கிருமி சுரக்கும் காலரா நச்சு குறிபார்த்து அதன்மேல்தான் ஒரு மூலக்கூறை ஒட்டிவைக்கிறது. குச்சி அணைவதே இல்லை. எந்த ஹார்மோனும் வராமலேயே வாசல் திறந்து கிடக்கும்.

நச்சு என ஒன்று இருப்பதை 1959-இல் நிரூபித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் டே. முயல் குடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, கிருமியை வடிகட்டி நீக்கிய திரவத்தை உள்ளே செலுத்தினார். கிருமியே இல்லாமல் குடல் நீர்கோத்து உப்பியது. நூலும் முயலும் கூர்மையான கேள்வியும்தான் அவருடைய மூலதனம். இத்தகைய சிறு ஆய்வுக்கூடங்களுக்கு நாம் இன்னும் தாராளமாகப் பணம் தர வேண்டும்.

பேதி ஆகும்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று இன்னும் சில வீடுகளில் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் பதறுகிறது. கொடுக்காவிட்டால்தான் உயிர் போகும். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து செல்லுக்குள் நுழையும் இன்னொரு வழியை நச்சு தொடுவதே இல்லை. 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். இன்றைய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். அந்த இனிப்பு தெம்புக்காக அல்ல. அது கூட வந்தால்தான் அந்த வழியில் சோடியம் உள்ளே போகும், சோடியம் போனால்தான் தண்ணீர் போகும்.