செக்ரட்டரி: அமைச்சரா, செயலாளரா?

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஒரே வாரத்தில், பிரிட்டிஷ் ராணுவத்தை நிர்வகித்த துறையான லண்டன் போர் அலுவலகத்தில் ஒரு மாற்றம். 1939 முதல் அங்கே தலைமை அதிகாரியாக இருந்த சர் ஜேம்ஸ் கிரிக்கைப் பிரதமர் சர்ச்சில் அதே துறைக்கு அமைச்சர் ஆக்கினார். நேற்றுவரை அமைச்சருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவர், இன்று அந்தக் குறிப்புகளைப் படித்துக் கையெழுத்துப் போடுகிறவர். அவருடைய பழைய பதவியின் பெயர் ‘பெர்மனென்ட் அண்டர் செக்ரட்டரி’. புதிய பதவியின் பெயர் ‘செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்’. இரண்டிலும் செக்ரட்டரி உண்டு. தமிழில் இரண்டுக்கும் ‘செயலாளர்’ என்று போட்டுவிட்டால், என்ன நடந்தது என்பதே வாசகருக்குப் புரியாது.

செக்ரட்டரி லத்தீன் மூலமுள்ள சொல். அதன் வேரில் இருக்கும் வினைக்குச் சலித்துப் பிரித்தல் என்று பொருள். சல்லடையில் சலித்துத் தனியே எடுத்து வைத்தது எதுவோ அதுதான் ‘செக்ரட்டம்’, அதாவது ரகசியம். அந்த ரகசியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் செக்ரட்டரி. அரசரின் அந்தரங்கக் கடிதங்களை எழுதியவர் நாளடைவில் அரசருக்கு ஆலோசனை சொல்பவரானார், அப்புறம் துறையையே நடத்தும் அமைச்சரானார். பிரிட்டனில் பழைய பெயர் அந்த அமைச்சரோடு ஒட்டிக்கொண்டது. அவருக்குக் கீழே எழுத்துவேலையும் நிர்வாகமும் பார்த்தவர்களுக்கும் அதே பெயர் போய்ச் சேர்ந்தது. குழப்பத்தின் தொடக்கம் இதுதான்.

நம்மிடமும் இதே பாதையில் நடந்த ஒரு சொல் இருக்கிறது. வடமொழியிலிருந்து வந்த ‘மந்திரம்’ என்பதற்கு ரகசிய ஆலோசனை என்றும் பொருள். அதிலிருந்து வந்தவர் மந்திரி. சோழர் கல்வெட்டுகளில் அரசர் வாயால் சொன்ன ஆணை ‘திருவாய்க்கேள்வி’. அதைக் கேட்டு ஓலையில் எழுதிய அதிகாரி ‘திருமந்திர ஓலை’. எழுதியதைச் சரிபார்த்து ஒப்பியவர் ‘திருமந்திர ஓலை நாயகம்’. வேர்ப்பொருளை மட்டும் பார்த்தால் செக்ரட்டரிக்கு இதைவிட நெருங்கிய தமிழ் வழக்கு எனக்குத் தெரிந்து வேறில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பத்திரிகைகள் எழுதியது ‘காரியதரிசி’, அதாவது காரியத்தைப் பார்ப்பவர். அப்புறம் வந்தது செயலாளர். செயல் என்பதோடு ‘ஆளர்’ விகுதி சேர்ந்த சொல். சுருக்கமாகச் செயலர். இரண்டும் நல்ல சொற்கள், நிலைத்தும் விட்டன. ரகசியம் என்ற பொருள் அவற்றில் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பொருள் ஆங்கிலத்திலேயே தேய்ந்துபோனதுதான்.

சிக்கல் ‘அண்டர்’ என்ற முன்னொட்டில் இருக்கிறது. தமிழக அரசு வழக்கில் அண்டர் செக்ரட்டரி என்றால் சார்புச் செயலாளர். அவருக்கு மேலே துணைச் செயலாளர், இணைச் செயலாளர், கூடுதல் செயலாளர் என்று படிகள் ஏறும். அகராதியைப் பார்த்து, கிரிக்கை ‘நிரந்தரச் சார்புச் செயலாளர்’ என்று எழுதினால், துறையின் உச்சியில் இருந்தவர் படிக்கட்டின் அடியில் வந்து நிற்பார். பிரிட்டனில் இந்த ‘அண்டர்’ என்பது அமைச்சர் ஒருவருக்கு மட்டும் கீழே என்பதைத்தான் குறிக்கிறது. ‘பெர்மனென்ட்’ என்பதும் சாகும்வரை பதவி என்பதல்ல. ஆட்சி மாறினாலும் மாறாதவர் என்பதே பொருள். சிங்கப்பூர்த் தமிழில் வழங்கும் ‘நிரந்தரச் செயலாளர்’ இங்கே சரியாகப் பொருந்தும். கிரிக்கின் பழைய பதவிக்கு நான் அதையே எழுதுவேன்.

அந்த நாற்காலியின் கனமும் சொல்லில் தெரிய வேண்டும். போர் அலுவலகத்தின் நிரந்தரச் செயலாளர் தளபதிகளோடு சேர்ந்து ராணுவக் கவுன்சிலில் உட்கார்ந்தவர், அதன் செயலாளரும் அவரே. ராணுவத்துக்குச் செலவான பணத்துக்கு நாடாளுமன்றக் கணக்குக் குழு முன்னால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அங்கிருந்து போகும் கடிதங்கள் ‘இதைத் தெரிவிக்கும்படி ராணுவக் கவுன்சில் எனக்கு ஆணையிட்டிருக்கிறது’ என்ற பொருளில் தொடங்கும். ஆணை இன்னொருவருடையது, எழுத்து இவருடையது. திருவாய்க்கேள்வியும் திருமந்திர ஓலையும் லண்டன் தாளில் சேர்ந்து வந்ததுபோல் இருக்கிறது.

கிரிக் ஒரு தச்சரின் மகன். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து, 1913-இல் அரசுப் பணித் தேர்வில் முதலிடம் பெற்றுக் கருவூலத்தில் சேர்ந்தவர். சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது அவருக்குத் தனிச் செயலர். 1934 முதல் 1939 வரை இந்தியாவில் வைஸ்ராய் சபையின் நிதி உறுப்பினர், அதாவது நிதியமைச்சர் போன்றவர். தனிச் செயலர், நிரந்தரச் செயலாளர், அமைச்சர் என்று செக்ரட்டரி என்ற சொல்லின் மூன்று பொருள்களையும் வாழ்ந்து பார்த்தவர் என்று இவரைத்தான் சொல்லத் தோன்றுகிறது. 1942-இல் அமைச்சரானபோது அவர் நாடாளுமன்ற உறுப்பினர்கூட இல்லை. ஏப்ரலில் கார்டிஃப் கிழக்கு இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த பிறகுதான் மக்களவைக்குள் போனார். 1945 பொதுத்தேர்தலில் அதே தொகுதியில் தோற்றார். பதவி போனது. நிரந்தரச் செயலாளராகவே இருந்திருந்தால், தேர்தல் முடிவு அவரைத் தொட்டிருக்காது.

அமெரிக்காவில் அப்போது ஹென்றி ஸ்டிம்சன் வகித்த ‘செக்ரட்டரி ஆஃப் வார்’ பதவிக்கும் தமிழில் போர் அமைச்சர் என்பதே சரி. டில்லியில் கதை வேறு. 1942 முதல் 1946 வரை அங்கே போர்த் துறையின் செக்ரட்டரியாக இருந்த சந்துலால் திரிவேதி அமைச்சர் அல்ல, ஐ.சி.எஸ். என்ற அரசுப் பணியைச் சேர்ந்த அதிகாரி. அவரைச் செயலாளர் என்றுதான் எழுத வேண்டும்.