1970-இன் 450 குதிரையும் 2018-இன் 460 குதிரையும் ஒரே தராசில் ஏறியவை அல்ல

1970 செவெல் எஸ்.எஸ். காரில் வந்த எல்.எஸ்.6 எஞ்சினுக்கு செவ்ரோலே அச்சிட்ட எண் 450 குதிரைத்திறன். 2018 மஸ்டாங் ஜி.டி.க்கு ஃபோர்டு சொல்வது 460. இரண்டையும் அருகருகே வைத்து, "அரை நூற்றாண்டில் ஏறியது பத்தே பத்துக் குதிரைதானா?" என்று கேட்கும் பதிவுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. முதல் எண் மொத்தச் சம்பளம். இரண்டாவது, பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது.

1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரத்தில் போட்டது எஸ்.ஏ.இ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த கிராஸ் கணக்கு, அதாவது மொத்தக் கணக்கு. எஞ்சினைத் தனியாக டெஸ்ட் ஸ்டாண்டில் ஏற்றி ஓட்டுவார்கள். ரேடியேட்டர் ஃபேன் இருக்காது, ஆல்டர்னேட்டருக்குச் சுமை இருக்காது, ஏர் ஃபில்டரும் இருக்காது. காரில் வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, சைலன்சர் இவற்றுக்குப் பதிலாக, புகை தடையின்றி வெளியேறும் டெஸ்ட் அறைக் குழாய்கள் மாட்டப்பட்டிருக்கும். இக்னிஷன் டைமிங்கையும் கார்புரேட்டர் ஜெட்டையும் எங்கே வைத்தால் அதிகம் வருமோ அங்கே வைத்துக்கொள்ளலாம். கடைசியில், வந்த எண்ணை 15.6 டிகிரி செல்சியஸ் குளிர்காற்றுக்கு ஏற்பத் திருத்தி எழுதுவார்கள்.

1972 மாடலிலிருந்து நெட் கணக்கு, அதாவது பிடித்தம் போன நிகரக் கணக்கு வந்தது. காரில் எப்படிப் போகிறதோ அப்படியே ஃபேன், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், முழு எக்ஸாஸ்ட் எல்லாம் மாட்டி அளக்க வேண்டும். இன்றைய விதிப்படி திருத்தம் 25 டிகிரி, 99 கிலோபாஸ்கல் உலர்காற்றுக்கு. இந்தக் காற்றுக் கணக்கு மட்டுமே ஏறக்குறைய 4 சதவீத வித்தியாசம் தரும். அதாவது எஞ்சினில் ஒரு நட்டைக்கூடத் தொடாமல் 450-ஐ 432 ஆக்கிவிடலாம்.

"அப்படியானால் பழைய எண்ணில் 20 சதவீதம் கழித்தால் போதும்தானே?" போதாது. செவ்ரோலேவின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1971-இல் இரண்டு எண்களையும் சேர்த்தே வெளியிட்டது, அதனால் சரிபார்ப்பது சுலபம். அந்த ஆண்டு செவ்ரோலேவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் வந்த அடிப்படை 350 கன அங்குல எஞ்சின்: கிராஸ் 270, நெட் 210. அதே 350 அளவில் எல்.டி.1: 330, 275. 454 கன அங்குல எல்.எஸ்.5: 365, 285. எல்.எஸ்.6: 425, 325. வகுத்துப் பார்த்தால் 78, 83, 78, 76 சதவீதம் வருகிறது. அதே ஆண்டு கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு கிராஸ் 425, நெட் 350, அதாவது 82 சதவீதம். ஒரே நிறுவனத்தின் ஒரே காருக்குள்ளேயே 7 புள்ளி வித்தியாசம் என்றால், ஒரு பொதுக் குணகத்தை எல்லாவற்றுக்கும் போடுவது ஊகம்தான்.

ஏன் இப்படி மாறுகிறது? ஃபேன் தின்னும் சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும், ஆர்.பி.எம். (நிமிடச் சுழற்சி) இரட்டித்தால் எட்டு மடங்கு. எக்ஸாஸ்ட் தடையும் புகையின் அளவு கூடக்கூட வேகமாக ஏறும். ஆகவே காரில் வரும் எக்ஸாஸ்ட் எவ்வளவு நெரிசலானது, ஃபேன் எப்படிப்பட்டது, உச்ச சக்தி எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்பதைப் பொறுத்துப் பிடித்தம் மாறும். இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. குறைந்த ஆர்.பி.எம்.மில் இழப்பு குறைவு என்பதால் பழைய டார்க் (முறுக்குவிசை) எண்கள், குதிரைத்திறன் எண்களைவிட நிஜத்துக்கு நெருக்கமானவை. 1970 பியூக் 455 ஸ்டேஜ் 1-க்கு 2,800 ஆர்.பி.எம்.மில் 510 பவுண்டு-அடி என்று எழுதியிருந்தது. அதிலும் பிடித்தம் உண்டு, ஆனால் அந்தக் கார் கீழ் ஆர்.பி.எம்.மில் தூக்கி எறியும் என்பதில் பொய் இல்லை.

இன்னொரு குழப்பம், "புகைக் கட்டுப்பாடு வந்து எஞ்சினைக் கொன்றுவிட்டது" என்ற கதை. எல்.டி.1-இன் எண்கள் 1970-இல் 370 கிராஸ், 1971-இல் 330 கிராஸ், 275 நெட், 1972-இல் 255 நெட். மொத்தச் சரிவு 115. அதில் 40, கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 11-இலிருந்து 9-க்கு இறக்கியதால் வந்தது. அது உண்மையான இழப்பு. 55 தராசு மாறியதால் வந்தது, எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீதி 20 மட்டுமே 1972-இல் நெட் தராசிலேயே இறங்கியது. சரிவில் பாதி காகிதத்தில் நடந்தது என்று சொல்லலாம்.

கிராஸ் எண்கள் எல்லாமே ஊதிப் பெருக்கியவை என்றும் நினைத்துவிடக் கூடாது. சிலவற்றை வேண்டுமென்றே குறைத்து எழுதினார்கள். இன்சூரன்ஸ் பிரீமியமும் டிராக் ரேஸ் (கால் மைல் நேர்கோட்டுப் பந்தயம்) வகுப்புப் பிரிவும் குதிரைத்திறன் எண்ணைப் பார்த்தே முடிவாயின. 1966-இல் செவ்ரோலேவின் 427 கன அங்குல எல்.72 எஞ்சின் முதலில் 450 என்று வந்து, எந்த மாற்றமும் இல்லாமல் 425 ஆனது. பந்தயத்துக்கென்றே செய்த எல்.88-க்கு 430 என்று போட்டு, சாலைக்கான எல்.71-க்கு 435 போட்டார்கள். வாங்குபவர் தெரியாமல் எல்.88-ஐ எடுத்துவிடக் கூடாதே! ஃபோர்டின் 428 கோப்ரா ஜெட்டுக்கு எழுதிய 335-ஐ அந்தக் காலத்தில் டிராக்கில் ஓட்டியவர் யாரும் நம்பவில்லை.

அளவு ஒன்றாக இருந்தால் ஒப்பீடு தெளிவாகும். 1969 மஸ்டாங் பாஸ் 302-இன் எஞ்சினும் 2011 மஸ்டாங் ஜி.டி.யின் 5 லிட்டரும் 302 கன அங்குலம்தான். பழையது 10.5 கம்ப்ரஷன், 16 வால்வு, ஒரு நான்கு பேரல் கார்புரேட்டர், 290 கிராஸ். புதியது 11 கம்ப்ரஷன், 32 வால்வு, நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இன்டேக் எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் மாறும் கேம் டைமிங், 412 நெட். பாஸின் 290 குறைத்துச் சொன்ன எண் என்றே வைத்து, நெட்டில் 290-ஐ அப்படியே கொடுத்தாலும் 120 குதிரைக்கு மேல் இடைவெளி. அதில் பெரும்பங்கு சிலிண்டர் ஹெட்டுடையது. பழைய எஞ்சினில் மேல் ஆர்.பி.எம்.முக்கு ஏற்ற கேம் போட்டால் கீழே செத்துவிடும், ஐடிலில் குலுங்கும். மாறும் கேம் டைமிங் அந்தப் பேரத்தையே பெருமளவு ஒழித்துவிட்டது.

அப்படியானால் பழைய காரின் நிஜ எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கால் மைல் ஓட்டத்தின் முடிவில் காரின் வேகத்தைப் பாருங்கள், நேரத்தைப் பார்க்காதீர்கள். நேரம் டயர் பிடிப்பையும் ஓட்டுநரின் கிளட்ச் காலையும் பொறுத்தது; முடிவு வேகம் பெரும்பாலும் சக்தியையும் எடையையும் பொறுத்தது. மணிக்கு மைல் கணக்கிலான வேகத்தை 234-ஆல் வகுத்து, அதன் மூன்றாம் அடுக்கை எடுத்து, ஓட்டுநரோடு சேர்த்த எடையைப் பவுண்டில் எடுத்துப் பெருக்க வேண்டும். 3,900 பவுண்டு எடையில் 105 மைல் வேகம் தொட்ட காருக்கு 352 வரும். அதே எடையில் 460 நெட் உள்ள கார் 115 மைலை ஒட்டிப் போக வேண்டும். மூன்றாம் அடுக்குக் கணக்கு என்பதால் வேகத்தில் 2 மைல் தவறினால் 20 குதிரை தவறும். எதிர்க்காற்று வீசிய நாள் ஓட்டத்தை ஒதுக்கிவிடுங்கள். எடையைக் கையேட்டிலிருந்து எடுக்காமல் எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

சேஸிஸ் டைனோவில் (சக்கரங்களை உருளைமேல் சுழலவிட்டுச் சக்தி அளக்கும் கருவி) ஏற்றினால் வருவது சக்கரத்தில் இருக்கும் சக்தி. அதை 0.85-ஆல் வகுத்து எஞ்சின் எண்ணாக மாற்றித் தருபவர்கள் உண்டு. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் தின்பது நிலையான சதவீதம் அல்ல. பழைய ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் நழுவல் வேறு சேரும். சக்கர எண்ணைச் சக்கர எண்ணாகவே வைத்து, இரண்டு கார்களையும் ஒரே டைனோவில், ஒரே நாளில், 1:1 கியரில் ஓட்டுங்கள். டைனோ அச்சிட்டுத் தரும் சீட்டில் திருத்தம் எஸ்.ஏ.இ. என்று இருக்கிறதா, எஸ்.டி.டி. என்று இருக்கிறதா பாருங்கள். பின்னது பழைய குளிர்காற்றுத் திருத்தம், மேலே சொன்ன 4 சதவீதம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பழைய காரை ஏற்றும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்க, இன்னொருவர் கார்புரேட்டரைப் பார்க்கட்டும். தடித்த மேட்டோ நீண்டுபோன கேபிளோ காரணமாக த்ராட்டில் முக்கால்தான் திறப்பது மிகச் சாதாரணம். ஸ்மால் பிளாக் (350 போன்ற சிறிய வி8) செவ்ரோலேவில் மொத்த இக்னிஷன் டைமிங் 3,000 ஆர்.பி.எம்.முக்கு மேல் 34 முதல் 36 டிகிரியில் இருக்க வேண்டும். ஹோலி கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அழுத்தம் உச்ச ஆர்.பி.எம்.மிலும் சரிந்துவிடக் கூடாது. காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் இடையில் நிற்கட்டும். 5,000 ஆர்.பி.எம். தாண்டியதும் டைனோ வரைபடத்தில் சக்திக் கோடு கத்தரித்ததுபோல விழுந்தால் கார்புரேட்டரைக் குடையாமல் வால்வு ஸ்பிரிங்கைச் சந்தேகப்படுங்கள். 11 கம்ப்ரஷன் இரும்பு ஹெட் எஞ்சின் அன்றைய ஈயம் கலந்த பிரீமியம் பெட்ரோலுக்குச் செய்தது. இன்றைய சாதாரணப் பெட்ரோலில் நாக்கிங் வரும், டைமிங்கைப் பின்னிழுக்க நேரும், எண் அங்கேயே குறையும். பத்து வருஷப் பழைய டயரோடு டைனோவில் ஏறவே கூடாது.

புதிய டர்போ காரில் கோளாறு வேறு பக்கம் வரும். வெப்பக் காற்றிலும் அதன் கணினி பூஸ்ட்டை (டர்போ காற்றைத் திணிக்கும் அழுத்தம்) கூட்டி இழப்பை ஈடுகட்டிவிடும். அதன்மேல் டைனோ மென்பொருளும் வானிலைத் திருத்தம் சேர்த்தால் இல்லாத குதிரைகள் சீட்டில் ஏறும். அத்தகைய காருக்குத் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியத் தரவோடு ஒப்பிட்டால் அலகையும் கவனியுங்கள்: அங்கே எழுதுவது பி.எஸ்., அதாவது மெட்ரிக் குதிரைத்திறன்; 460 குதிரைத்திறன் அங்கே 466 ஆகிவிடும்.