ஆஸ்பத்திரிக்கு வராதவர்களின் கணக்கு

சென்னையில் சுகர் இருக்கும் ஒருவர் வருடத்தில் எத்தனை இடங்களுக்குப் போகிறார் என்று பாருங்கள். மாத்திரைக்குத் தெருமுனை டாக்டர், பார்வை மங்கினால் கண் ஆஸ்பத்திரி, காலில் புண் வந்தால் சர்ஜன், கிரியாட்டினின் ஏறியதும் கிட்னி டாக்டர், நடுவில் நெஞ்சு படபடத்தால் எக்கோ எடுக்க ஒரு ஸ்கேன் சென்டர். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஃபைல், ஒரு ஃபீஸ். அந்த டாக்டர்கள் எல்லோருமே தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இவருடைய சுகர் கட்டுக்குள் இருக்கிறதா, போன மாதம் ஏன் வரவில்லை, இரண்டு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்றெல்லாம் கேட்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஃபைல்களைப் பையில் போட்டுக்கொண்டு அலையும் நோயாளிதான், அல்லது அவருடைய மகள்தான், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர்களின் குணத்தைக் குறை சொல்ல வரவில்லை. பணம் வரும் வழி அப்படி இருக்கிறது. ஒவ்வொரு ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் தனித்தனியாகக் காசு என்றால், ஆஸ்பத்திரிக்கு வருமானம் வருவது நோயாளி வரும்போது மட்டும்தான். வராத நோயாளி அதன் கணக்கிலேயே கிடையாது. ஒருவருக்குப் பக்கவாதம் வராமல் தடுத்தால் அதற்கென்று யாரும் பில் போட முடியாது. வந்துவிட்டால் ஐசியு, ஸ்கேன், பிசியோதெரபி என்று எல்லாவற்றுக்கும் பில் உண்டு.

இதை மாற்றிப் பார்க்கும் முயற்சிக்குத்தான் மதிப்பு சார்ந்த மருத்துவம் என்று பெயர். செய்த வேலைகளின் எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காமல், நோயாளிக்குக் கிடைத்த உடல்நலத்துக்குக் காசு கொடுப்பது. தலைக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, இந்த ஜனங்களின் ஆரோக்கியம் உங்கள் பொறுப்பு என்று சொல்வது ஒரு வழி. மூட்டு மாற்று ஆபரேஷன் என்றால் முதல் பரிசோதனையிலிருந்து நடக்கத் தொடங்கும் வரைக்கும் சேர்த்து ஒரே தொகை என்பது இன்னொரு வழி. எந்த வழியானாலும், டாக்டர், நர்ஸ், லேப், மருந்துக்கடை எல்லோரும் ஒரே ஏட்டைப் பார்த்து வேலை செய்தால்தான் இது நடக்கும்.

சரி, இதனால் ஒரு ஊரின் ஆரோக்கியம் எப்படி மாறும்? மருத்துவத்தில் 'பாதிகளின் விதி' என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு வார்டில் பிரஷர் உள்ளவர்கள் 1000 பேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதிப் பேருக்குத்தான் தங்களுக்கு பிரஷர் இருப்பதே தெரியும்: 500. தெரிந்தவர்களில் பாதிப் பேர் மாத்திரை எடுக்கிறார்கள்: 250. எடுப்பவர்களிலும் பாதிப் பேருக்குத்தான் கட்டுக்குள் இருக்கிறது: 125. இப்போது அந்த வார்டில் உலகத்தரமான ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டி, சிகிச்சைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் பிழையே இல்லாமல் வைத்தியம் பார்த்தாலும் அந்த 125 என்பது 250 ஆகும், அவ்வளவுதான். மீதி 750 பேர் அதன் வாசலையே மிதிக்கவில்லை. அவர்களில் சிலர் சில வருடம் கழித்து ஒரு பக்கம் கை கால் விழுந்து 108 ஆம்புலன்ஸில் வருவார்கள், தங்களுக்கு பிரஷர் இருந்தது அன்றைக்குத்தான் தெரியவரும்.

தமிழ்நாட்டின் நிஜ நிலவரம் இந்தக் கணக்கைவிட மோசமாக இருந்தது. 2020-இல் மாநிலம் முழுக்க நடந்த, பிரஷர், சுகர் போன்ற தொற்றா நோய்களை அளக்கும் ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், பிரஷர் உள்ளவர்களில் வெறும் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சுகரில் 10.8 சதவீதம். இத்தனைக்கும் அரசு மருந்துக் கொள்முதலுக்கென்று 1994-லேயே தனிக் கழகம் தொடங்கி, மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மாநிலம் இது. மாத்திரை இருந்தது, டாக்டரும் இருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஓ.பி. வரிசையில் நிற்க முடியாததால் மூன்றாவது மாதத்தில் நின்றுபோனார். அவர் நின்றுபோனதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை.

கவனிக்க ஆள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. கைசர் பெர்மனென்ட்டே என்ற அமைப்பில் காப்பீடும் ஆஸ்பத்திரியும் டாக்டர்களும் ஒரே குடையின் கீழ். உறுப்பினர்கள் கட்டும் சந்தாதான் வருமானம் என்பதால், ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் அது அவர்களுக்குச் செலவு. வடக்கு கலிபோர்னியாவில் 2001-இல் அவர்களுடைய பிரஷர் நோயாளிகளில் சுமார் 44 சதவீதம் பேருக்குத்தான் கட்டுக்குள் இருந்தது. 2009-இல் அது 80 சதவீதம். புதிதாக எந்த மருந்தையும் கண்டுபிடித்து இதைச் சாதிக்கவில்லை. பிரஷர் உள்ள எல்லோரையும் ஒரே பட்டியலில் போட்டார்கள், அந்தப் பட்டியலே சுமார் 3.5 லட்சத்திலிருந்து 6.5 லட்சமாக வளர்ந்தது. இரண்டு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரையை அதிகம் எழுதினார்கள். மாத்திரையை மாற்றிய சில வாரத்தில் டாக்டரைப் பார்க்காமலே, கட்டணம் இல்லாமல், உதவியாளரிடம் பிரஷர் பார்த்துக்கொண்டு போகலாம் என்று செய்தார்கள். மேல் அளவு 10 புள்ளி குறைந்தாலே பக்கவாத அபாயம் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குகள் சொல்கின்றன, அதை இத்தனை லட்சம் பேரோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

இந்த யோசனை நமக்கு அந்நியமானது இல்லை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரியில், படுக்க வைத்தது, இன்னொரு குழுவுக்கு நெரிசலான வீட்டிலேயே மாத்திரை கொடுத்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு இல்லாமல் காசநோய் குணமாகாது என்று உலகம் நம்பிய காலம். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள், குடும்பத்தில் இருந்தவர்களுக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. ஆனால் சும்மா மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை: சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்து மருந்து உள்ளே போனதா என்று பார்த்தார்கள், வராதவரைத் தேடிப் போனார்கள். 1959-இல் வந்த அந்த முடிவுகள் உலகம் முழுக்கக் காசநோய் வைத்தியத்தையே மாற்றின. சென்னைக்காரர்கள் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே வழியில் வந்ததுதான். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்களின் விகிதம் இரண்டு நோய்களிலும் சுமார் 17 சதவீதத்துக்கு உயர்ந்தது. முழுப் பெருமையையும் ஒரே திட்டத்துக்குக் கொடுக்க முடியாது, இன்னும் ஆறில் ஐந்து பேர் வெளியே இருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் திசை சரி. மேடைகளில் எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்ற எண்ணிக்கையையே அதிகம் சொல்கிறார்கள், எத்தனை பேருக்குக் கட்டுக்குள் வந்தது என்பதை வார்டு வாரியாகச் சொல்ல வேண்டும்.

மாரடைப்பிலும் இதே கதைதான். ஸ்டென்ட் வைக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ்களையும் தமிழ்நாட்டில் நான்கு தொகுப்புகளாக இணைத்துப் பார்த்த ஆய்வில், ஒரு வருடத்துக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஈசிஜியைப் பார்த்ததும் எங்கே அனுப்புவது என்று யோசிக்கும் நேரம் மிச்சமானது.

எல்லா ஒருங்கிணைப்பும் பலன் தந்துவிடாது, இதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் கேம்டன் நகரில், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேரும் நோயாளிகளை நர்ஸ்களும் சமூகப் பணியாளர்களும் வீடு தேடிப் போய் கவனித்தார்கள். மறுபடி சேருவது நன்றாகக் குறைந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு முறையாகக் குலுக்கிப் பிரித்துச் சோதித்தபோது, கவனிக்கப்படாத குழுவிலும் அதே அளவு குறைந்திருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்தவர்கள் இரண்டு குழுவிலும் சுமார் 62 சதவீதம். மிக மோசமான நிலையில் பிடிக்கும் யாரும் அடுத்த சில மாதத்தில் ஓரளவு தானாகவே தேறுவார்கள், அதைத் திட்டத்தின் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள். 2020-இல் முடிவு வெளியானபோது நிறைய பேருக்கு ஏமாற்றம், ஆனால் ஒப்பிட ஒரு குழு இல்லாமல் எந்தத் திட்டத்தையும் நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அப்புறம், தலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தால் தேவையான சிகிச்சையையே குறைக்கும் ஆபத்தும் உண்டு, ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துப் பட்டியலில் சேர்க்கும் ஆபத்தும் உண்டு.

நம் ஊரில் முதல்வரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது, பெரும்பாலும் உள்நோயாளி சிகிச்சைக்கு. சிகிச்சைக்குத் தொகை நிர்ணயித்திருக்கிறார்கள், நல்லது. அதில் ஒரு பகுதியையாவது ஆறு மாதம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார், இதய மாத்திரையைத் தொடர்கிறாரா என்பதோடு இணைக்கலாம், தனியார் ஆஸ்பத்திரிகளும் அப்போதுதான் டிஸ்சார்ஜ் ஆனவரை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டு அனுப்பும். இதையெல்லாம் தினமும் தாங்குவது படியேறிப் போய் கதவைத் தட்டும் தன்னார்வலப் பெண்கள். அவர்களுக்குக் கிடைப்பது மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. தடுக்கப்பட்ட ஒவ்வொரு பக்கவாதத்திலும் அரசுக்கு மிச்சமாகும் பணத்தில், முறையான சம்பளமாக முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்களுக்குத்தான்.