ஸ்லாப்ஸ்டிக்: வலிக்காத அடிக்குத் தமிழில் என்ன பெயர்?

பழைய நகைச்சுவைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு பத்தியில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை மொழிபெயர்ப்பு வேலை ஒன்றில் அந்தச் சொல் வந்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் ‘அடிதடி நகைச்சுவை’ என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்த நண்பர் கேட்டார்: “ஏன் சார், இதுல யாருக்கு எத்தனை தையல் போட்டாங்க?”

கிண்டல்தான், ஆனால் கேள்வி சரி. தமிழில் அடிதடி என்றால் காவல் நிலையம், வழக்கு, ஆஸ்பத்திரி. ஸ்லாப்ஸ்டிக்கில் அடி உண்டு, வலி கிடையாது. அந்தச் சொல்லின் உயிரே அதுதான். அதை விட்டுவிட்டு எப்படி மொழிபெயர்த்தாலும் பெயர்ச்சொல் கிடைக்கும், பொருள் கிடைக்காது.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். வழுக்கி விழுவது, முகத்தில் கிரீம் அப்பிக்கொள்வது, தோளில் ஏணியோடு ஒருவன் திரும்ப, ஏணியின் மறுமுனை பின்னால் நிற்பவன் மண்டையில் இடிப்பது, அவன் எழுந்ததும் ஏணி திரும்பி வந்து மறுபடி இடிப்பது. இப்படி உடம்பை வைத்து, அளவுக்கு மீறி, வசனத்தின் தயவில்லாமல் சிரிப்பூட்டும் வகைக்குத்தான் இந்தப் பெயர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஸ்லாப்ஸ்டிக் என்பது முதலில் ஒரு வகை நகைச்சுவைக்கான பெயரே அல்ல என்பது. அது ஒரு பொருள். கையில் பிடிக்கிற கட்டை.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ‘கொம்மேதியா தெல்லார்த்தே’ என்ற நாடக வகை ஒன்று இருந்தது. முகமூடி போட்ட நடிகர்கள் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். எழுதி வைத்த வசனம் கிடையாது. கதையின் எலும்புக்கூடு மட்டும் உண்டு, மிச்சத்தை மேடையில் அவர்களே கட்டிக்கொள்வார்கள். நம் கூத்துக் கோமாளியை அறிந்தவர்களுக்கு இது புதிதில்லை. அதில் அர்லெக்கினோ என்று ஒரு வேலைக்காரன் வருவான். ஒட்டுப்போட்ட உடை, தீராத பசி, எஜமானரை ஏமாற்றும் குறுக்குப்புத்தி. அவன் இடுப்பில் செருகியிருக்கும் கட்டைக்கு இத்தாலியில் ‘பட்டாக்கியோ’ என்று பெயர்.

அதன் அமைப்பு மிக எளிது. இரண்டு மெல்லிய மரப் பிளாச்சுகள். கைப்பிடிப் பக்கம் சேர்த்துக் கட்டியிருக்கும். மறுமுனையில் நூலளவு இடைவெளி. எதன்மீதாவது லேசாகத் தட்டினால் போதும், ஒரு பிளாச்சு மற்றொன்றின் மேல் போய் ‘பட்’டென்று மோதும். அடி வாங்குபவனின் முதுகில் படுவது மெல்லிய தட்டு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழுவது எலும்பு முறிந்தது போன்ற சத்தம். அடியையும் ஓசையையும் பிரித்து, ஓசையை மட்டும் பெரிதாக்கும் கருவி அது. நம் பஜனை மடங்களில் தட்டும் சப்ளாக்கட்டைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். என்ன, இது பக்தியில்லாத உறவு.

அந்தக் கட்டை இத்தாலியோடு நிற்கவில்லை. 1662 மே 9 அன்று லண்டனில் கோவென்ட் கார்டன் பகுதியில் இத்தாலியப் பொம்மலாட்டம் ஒன்றைப் பார்த்ததாக சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்; அவர் ஓர் ஆங்கிலேய அரசு அதிகாரி. பின்னாளில் இங்கிலாந்துக் கடற்கரைகளில் குழந்தைகளைச் சிரிக்கவைத்த பஞ்ச் என்ற பொம்மையின் பிறப்புச் சான்றிதழ் போலவே அந்தக் குறிப்பைக் கொள்கிறார்கள். பஞ்ச் கையிலும் அதே கட்டைதான். எதிரே யார் வந்தாலும் விளாசுவான். (தோற்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் மாறி மாறி அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குப் பஞ்சை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.) 18ஆம் நூற்றாண்டில் அர்லெக்கினோ ஆங்கில மேடையில் ஹார்லெக்வின் ஆனபோது கட்டைக்குக் கூடுதல் பதவி கிடைத்தது. அதால் காட்சித் திரையைத் தட்டினால் குடிசை அரண்மனையாக மாறும். அடிக்கிற கட்டை மந்திரக்கோலாகவும் ஆகிவிட்டது.

பாட்டு, ஆட்டம், நகைச்சுவை எல்லாம் கலந்து கொடுத்த அமெரிக்காவின் வாட்வில் மேடைகளில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் இதற்கு ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற ஆங்கிலப் பெயர் நிலைத்தது. ஸ்லாப் என்றால் அறை, ஸ்டிக் என்றால் குச்சி. அடுத்த சில ஆண்டுகளிலேயே கருவியின் பெயர் அதை வைத்துச் செய்யும் நகைச்சுவைக்கும் ஏறிக்கொண்டது. தமிழ் இலக்கணத்தில் இதைக் கருவியாகுபெயர் என்போம். கருவி மேடையைவிட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இங்கேதான் ஒரு வேடிக்கை. ஓசைக்காகவே பிறந்த இந்தச் சொல் உலகப் புகழ் பெற்றது, ஓசையே இல்லாத படங்களால்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்களிலேயே ஒரு ஸ்லாப்ஸ்டிக் உண்டு. தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், பின்னால் வந்த பையன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது, அவர் குழாயின் வாயை முகத்தருகே வைத்துப் பார்க்கிறார், பையன் காலை எடுக்கிறான். ஒரு நிமிடம்கூட இல்லை. 1912இல் மேக் சென்னட் கீஸ்டோன் என்ற படநிறுவனத்தைத் தொடங்க, 1914இல் சார்லி சாப்ளின் அங்கே வந்து சேர, அப்புறம் நடந்ததெல்லாம் தெரிந்த கதை. இன்னொரு மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் குழந்தையாக இருந்தபோது பெற்றோருடன் வாட்வில் மேடையில் ஆடினார். ஆட்டம் என்ன தெரியுமா? அப்பா பிள்ளையைத் தூக்கி எறிவார். பிடிக்க வசதியாகப் பிள்ளையின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைகள் நலச் சங்கத்தார் விடாமல் துரத்தினார்கள். கீட்டன் அடிபடாமல் விழக் கற்றுக்கொண்டது அந்தக் கைப்பிடியில் தொங்கித்தான்.

சத்தமில்லாத படம் என்றாலும் அரங்கு ஊமையாக இல்லை. திரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த தாள வாத்தியக்காரர், திரையில் ஒருவன் விழும்போது முரசைத் தட்டுவார், கட்டையை அறைவார். ஆக, பட்டாக்கியோ அர்லெக்கினோவின் இடுப்பிலிருந்து இறங்கி வாத்தியக் குழுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றும் மேற்கத்திய இசைக்குழுவில் அது இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் ஜி மேஜர் பியானோ கான்செர்ட்டோ தொடங்குவதே இந்தக் கட்டையின் ஒற்றை அறையில்தான்.

பேசும் படம் வந்ததும் ஸ்லாப்ஸ்டிக் செத்துவிட்டது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதற்குத் தன் குரல் திரும்பக் கிடைத்தது என்றுதான் சொல்வேன். ‘த்ரீ ஸ்டூஜஸ்’ என்ற மூன்று நடிகர்களின் கூட்டணி 1934 முதல் 1959 வரை கொலம்பியா நிறுவனத்துக்காக 190 குறும்படங்கள் செய்தது. எல்லாமே ஏறக்குறைய ஒரே சமாச்சாரம்: மூவரில் மோ என்பவர் அடிப்பார், மற்ற இருவர் வாங்குவார்கள். இரண்டு விரலைக் கண்ணில் குத்துவார். கூர்ந்து பார்த்தால் விரல் படுவது கண்ணில் இல்லை, அதற்கு மேலே. கூடவே ஒரு நரம்பைச் சுண்டும் ஒலி, ‘டொய்ங்’. வயிற்றில் குத்தினால் முரசு.

ஒருநாள் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு அவர்களுடைய படம் ஒன்றைப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. பெரிய மனிதர் ஒருவர் இரண்டு அப்பாவிகளை ஓயாமல் அடிக்கிறார், அவ்வளவுதான் தெரிந்தது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினேன். அதே அடி, அதே முகம். சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையைக் கடிக்க வேண்டியதாயிற்று. ‘டொய்ங்’ என்ற ஒலிதான் “இது நிஜமில்லை, சிரிக்கலாம்” என்று அனுமதி கொடுக்கிறது. நானூறு வருடம் முன்பு இரண்டு பிளாச்சுகள் செய்த வேலையை இப்போது ஒலிப்பதிவு செய்கிறது.

பிரான்சில் நடிகரும் இயக்குநருமான ஜாக் தாத்தி இன்னும் ஒரு படி போனார். உலோ என்ற பாத்திரமாக அவரே நடித்து 1953இல் வந்த படத்தில் கடற்கரை விடுதி ஒன்று. அதன் சாப்பாட்டு அறைக் கதவு, ஒவ்வொரு முறை ஆடும்போதும் செல்லோவின் நரம்பைச் சுண்டியதுபோல ஒரு ஒலி எழுப்பும். கதவு யாரையும் இடிப்பதில்லை. பரிசாரகர் போகிறார், ஒலி. வருகிறார், ஒலி. மூன்றாவது முறை, கதவு திறப்பதற்கு முன்பே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். அடி காணாமல் போய் ஓசை மட்டும் மிஞ்சிய ஸ்லாப்ஸ்டிக் இது. ‘அடிதடி’ என்ற மொழிபெயர்ப்பு முழுதாகக் கவிழ்வது இந்தக் கதவருகில்தான்.

சரி, தமிழுக்கு வருவோம். நகையைப் பற்றித் தொல்காப்பியம் கணக்காகவே சொல்கிறது: “எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப் பட்ட நகைநான் கென்ப.” பிறரை இகழ்வதால், பிள்ளைத்தனத்தால், அறிவின்மையால், சொன்னதை அப்படியே நம்பும் வெகுளித்தனத்தால் சிரிப்பு பிறக்கும் என்பது இதன் சாரம். 1941இல் வந்த ‘சபாபதி’யில், எஜமானர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளும் வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம் வருவார். அது பேதைமையும் மடனும் கைகோத்த நகை. எழுதி வைத்த சூத்திரம் போலப் பொருந்தும். ஆனால் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுகிறவன்? அவனை எள்ளலில் சேர்க்கலாம், பேதைமையிலும் சேர்க்கலாம், எதிலும் முழுசாக அடங்க மாட்டான். காரணம் எளிது. தொல்காப்பியர் சிரிப்பு எதனால் பிறக்கிறது என்று பார்க்கிறார். ஸ்லாப்ஸ்டிக் என்ற சொல்லோ அதை எந்தக் கருவியால் செய்கிறார்கள் என்று பார்க்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

அகராதி வழியில் ‘கோமாளித்தனம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தவறில்லை, ஆனால் கோமாளி வாயாலும் சிரிக்கவைப்பான். இந்த வகைக்கு வாய் அவசியமில்லை. ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்ப்படக் கதை சொல்கிறாரே, அதில் ஒலி உண்டு, உடம்பு உண்டு, அதுவும் அபாரமான உடம்பு. ஆனாலும் அதை ஸ்லாப்ஸ்டிக் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே சிரிப்பு பாலையாவின் பயத்தில் இருக்கிறது.

பழைய சினிமா விமர்சகர்கள் இதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: அங்கசேஷ்டை. சந்திரபாபு தடாலென்று விழுந்து எழும்போதும், நாகேஷின் கால்கள் ஆளுக்கொரு திசையில் போகும்போதும் இந்தச் சொல் வந்துவிடும், பெரும்பாலும் ஒரு முகச்சுளிப்போடு. ‘வெறும் அங்கசேஷ்டை’ என்று ‘வெறும்’ சேர்க்காமல் எழுத மாட்டார்கள். ஆங்கிலத்திலும் ஸ்லாப்ஸ்டிக்குக்கு இதே மரியாதைதான் கிடைத்தது. எனவே பொருள் மட்டுமில்லை, அவமானமும்கூட ஒத்துப்போகிறது.

சேஷ்டை வடசொல், உடலின் அசைவு என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் சேட்டையாகி, குறும்பு என்று பொருள் மாறி, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. “பையன் ரொம்பச் சேட்டை” என்று சொல்லாத தாய் உண்டா? இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். “சேட்டைதன் மடியகத்துச் செல்வம்பார்த் திருக்கின் றீரே” என்று தொண்டரடிப்பொடியாழ்வார் பாடுகிற சேட்டை வேறு. அவள் ஜ்யேஷ்டை, அதாவது மூதேவி. நம் சேட்டைக்கும் அவளுக்கும் ஒலி ஒற்றுமை மட்டுமே.

என் தேர்வு இரண்டு சொற்கள். நகைச்சுவை வகைக்குச் ‘சேட்டைக் கூத்து’. கூத்து என்பதைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நாளிதழ்களில் ‘பஸ்ஸில் சேட்டை, வாலிபர் கைது’ என்று வருகிற சேட்டையிலிருந்து இதைப் பிரித்தாக வேண்டும். தவிர, இது நடிப்பு, யாருக்கும் வலிக்கவில்லை என்பதையும் ‘கூத்து’ சொல்லிவிடுகிறது. அந்தக் கருவிக்கு ‘அறைகட்டை’. சொல்லுக்குச் சொல் பெயர்ப்புதான், ஆனால் இந்த ஒருமுறை தமிழுக்கு அதிர்ஷ்டம். கன்னத்தில் விட்டாலும் அறை, பறையைத் தட்டினாலும் அறை. வள்ளுவர் ரகசியம் காக்கத் தெரியாத கயவரை ‘அறைபறை அன்னர்’ என்கிறார். அடியும் ஓசையும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. ஆங்கில ஸ்லாப்பைவிட நம் அறைக்குச் சத்தம் அதிகம்.

கட்டை எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இத்தாலிக்குப் போக வேண்டாம். ஏதாவது ஒரு படப்பிடிப்புக்குப் போய் நில்லுங்கள். உதவி இயக்குநர் ஒருவர் கேமராவின் முன்னால் ஓடிவந்து, காட்சி எண்ணைச் சொல்லி, கீல் வைத்த இரண்டு கட்டைகளைப் ‘பட்’டென்று அறைந்துவிட்டு விலகுவார். படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்துவதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். கிளாப் அடிப்பது என்கிறோம்.