அச்சு அசலாகக் கட்டிய சந்திப்பில் காணாமல் போகும் மீட்டர்கள்

சில மாதங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த இளம் பொறியாளர் ஒருவர் தன் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற, நகரம் கட்டும் கணினி விளையாட்டில் பெரிய க்ளோவர்லீஃப் சந்திப்பு ஒன்றைக் கட்டியிருந்தார். இரண்டு நெடுஞ்சாலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடக்க, நான்கு மூலையிலும் பூவிதழ் போல் வளையும் பாதைகள் உள்ள சந்திப்பு அது. செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு இதழ்களையும் ஒவ்வொன்றாக இழுத்து வளைத்திருக்கிறார். தன் நகரத்தில் இடம் போதவில்லை என்பதால் வடிவத்தை அப்படியே வைத்து அளவை மட்டும் பாதியாக்கிவிட்டார். வண்டிகள் எங்கும் நிற்காமல் ஓடின. "பாருங்க சார், நெரிசலே இல்லை" என்றார்.

அந்த உழைப்பைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதே அளவில் நிஜத்தில் கட்டி வண்டிகளை விட்டால் நாள் தவறாமல் அங்கே டயர் கிறீச்சிடும் என்பதும் தெரிந்தது.

சாலை வடிவமைப்பும் சாலைப் பாதுகாப்புத் தணிக்கையும் என் தொழில். இந்த விளையாட்டு 2015ல் வந்ததிலிருந்து, நெடுஞ்சாலைச் சந்திப்புகளைப் பற்றி ஆர்வமாகப் பேசும் இளைஞர்களை நிறையச் சந்திக்கிறேன். அது நல்ல விஷயம். ஆனால் விளையாட்டு நெரிசலைத்தான் காட்டுகிறது, ஆபத்தைக் காட்டுவதில்லை. நிஜச் சந்திப்பைப் பார்த்துக் கட்டும்போது நாம் முதலில் வெட்டி எறிவது அதில் காலியாக, வீணாகத் தெரியும் நீளங்களை. உயிர் காப்பது பெரும்பாலும் அந்த நீளங்கள்தான்.

க்ளோவர்லீஃபையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஆர்தர் ஹேல் என்பவர் 1916ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த நாட்டின் முதல் க்ளோவர்லீஃப் 1929ல் நியூ ஜெர்சியின் வுட்பிரிட்ஜில் திறக்கப்பட்டது. சிக்னல் இல்லாமல் எல்லாத் திசைக்கும் திரும்பலாம், ஒரே ஒரு பாலம் போதும். அழகான யோசனை. இதன் சிக்கல் பக்கத்துப் பக்கத்து இதழ்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. ஒரு இதழிலிருந்து வெளியே வரும் வண்டி நெடுஞ்சாலையில் சேர வேண்டும். அடுத்த இதழுக்குள் போக வேண்டிய வண்டி அதே இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு விலக வேண்டும். இரண்டும் ஒரே துண்டுச் சாலையில் குறுக்கும் நெடுக்குமாக இடம் மாறுகின்றன. நாங்கள் இதை வீவிங் என்போம், பின்னல் போடுவது மாதிரி.

அந்தத் துண்டு 100 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் அதைக் கடக்க ஆறரை விநாடி ஆகும். அதற்குள் கண்ணாடியில் பார்த்து, பக்கத்து வண்டியின் வேகத்தைக் கணித்து, இடைவெளி பிடித்து, தடம் மாற வேண்டும். அளவைப் பாதியாக்கினால் மூன்று விநாடிதான் மிஞ்சும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே இரண்டரை விநாடி என்று வடிவமைப்புக் கணக்குகளில் எடுத்துக்கொள்கிறோம். விளையாட்டு வண்டிகளுக்கு இந்த இரண்டரை விநாடி கிடையாது. அவை பார்ப்பதில்லை, தயங்குவதில்லை, பயப்படுவதில்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பது கிளம்பும்போதே அவற்றுக்குத் தெரியும்.

நிஜத்தில் இதற்குக் கண்ட தீர்வு, பின்னல் நடக்கும் இடத்தை நெடுஞ்சாலையின் முதன்மைத் தடங்களிலிருந்து பிரித்து, பக்கத்தில் தனிச் சாலையாகப் போடுவது. அதில் எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள் என்பதால் இடம் மாறுவது எளிது. இந்தப் பக்கச் சாலையைப் பலர் விளையாட்டில் தேவையில்லாத ஒன்று என்று விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதையும் போடுங்கள்.

நீளங்களைச் சரியாகக் கொண்டுவர இந்த விளையாட்டிலேயே நல்ல வசதி இருக்கிறது. தரையில் தெரியும் ஒரு கட்டம் 8 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டரில் பாதுகாப்பாக வளைய, சாலையை உள்பக்கம் சாய்த்துப் போட்டாலும், 55 முதல் 60 மீட்டர் ஆரம் வேண்டும். அதாவது ஏழு கட்டத்துக்குக் குறையாமல். வேகம் இரண்டு மடங்கானால் ஆரம் நான்கு மடங்குக்கு மேல் போகும், ஏனென்றால் ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது, டயரின் பிடிப்பையும் அதிக வேகத்தில் குறைத்தே நம்ப வேண்டும். வளைவை முடித்து 40ல் வெளியே வரும் கார் 100ஐத் தொட, ஒவ்வொரு விநாடியும் தன் வேகத்தை விநாடிக்கு ஒன்றரை மீட்டர் கூட்டினால், ஏறக்குறைய 215 மீட்டர் ஓட வேண்டும். அது 27 கட்டம். சுமை ஏற்றிய லாரிக்கு அதுவும் போதாது. விளையாட்டில் நான் பார்த்த சந்திப்புகள் பலவற்றில் இந்தச் சேரும் தடம் மூன்று நான்கு கட்டத்தில் முடிந்துவிடுகிறது.

அப்புறம் உயரம். மேலிருந்து எடுத்த படம் உயரத்தைச் சொல்லாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 105ம் எண், 110ம் எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஜட்ஜ் ஹாரி பிரெகர்சன் சந்திப்பை (1993ல் திறந்தது) கட்டிப் பார்க்காத ரசிகர் குறைவு. அதன் உச்சிப் பாதை சுமார் 40 மீட்டர் உயரத்தில் போகிறது. நூறு மீட்டருக்கு 5 மீட்டர் என்ற சரிவில் தரையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏற 800 மீட்டர் வேண்டும், விளையாட்டில் 100 கட்டம். விளையாட்டு இதைவிடப் பல மடங்கு செங்குத்தாக ஏற விடும், வண்டிகளும் சளைக்காமல் ஏறும். நிஜத்தில் அப்படி ஏறினால் மேட்டின் உச்சியில் எதிரே நிற்கும் வண்டி கடைசி நொடிவரை கண்ணில் படாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் கார் முழுவதும் நிற்க ஏறக்குறைய 180 மீட்டர் வேண்டும் என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உள்ள கிரேவலி ஹில். ஸ்பெகெட்டி ஜங்ஷன் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1972 மே 24 அன்று திறக்கப்பட்டது, 559 கான்கிரீட் தூண்கள். அடியில் ரயில் பாதைகள், ஆறுகள், கால்வாய்கள். கால்வாயில் குதிரை இழுத்துச் செல்லும் படகின் கயிறு சிக்காதபடி பார்த்துத் தூண்களை நிறுத்தினார்கள். அதை முதன்முதலில் படித்தபோது மனது நிறைந்துவிட்டது. மேலே மோட்டார் வாகனங்களுக்கான பெரும் சாலையைப் போட்டுக்கொண்டே, கீழே கரையோரம் நடக்கும் குதிரையின் கயிற்றையும் யாரோ கணக்கில் எடுத்திருக்கிறார்கள். இதைக் கட்டும்போது அடியில் உள்ள நீர்வழியையும் நடைபாதையையும் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, அங்கே வண்டிகள் இடப்பக்கம் ஓடும். உங்கள் நகரம் வலப்பக்க ஓட்டம் என்றால் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போல் திருப்பித்தான் கட்ட வேண்டும்.

விளையாட்டு நிஜமாகவே நன்றாகச் சொல்லித் தரும் இடங்களும் உண்டு. டைவர்ஜிங் டயமண்ட் என்ற வகையில், பாலத்தின் மேல் போகும்போது மட்டும் இரு திசைப் போக்குவரத்தும் பக்கம் மாறிக்கொள்ளும். அமெரிக்காவில் முதலாவது, 2009ல் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வந்தது. நான்கு கிளைப்பாதைகள் சாய்சதுர வடிவில் அமையும் சாதாரண டயமண்ட் சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள புள்ளிகள் 26, இதில் 14. கட்டி ஓடவிட்டால் சிக்னலில் காத்திருப்பது குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பழக்கமில்லாத ஓட்டுநர் எதிர்ப்பக்கத்தில் நுழைந்துவிடாமல் இருக்க, குறுக்கே கடக்கும் கோணம், தரைக் குறிகள், பலகைகள் என எவ்வளவு யோசிக்கிறோம் என்பது அதில் தெரியாது. விளையாட்டில் யாரும் வழி தவறுவதில்லை.

வழி தவறுவது என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நெடுஞ்சாலையிலிருந்து கிளைப்பாதை பிரியும் இடத்தில் வெள்ளைக் கோடு போட்ட முக்கோணம் இருக்குமே, தணிக்கைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அதன் மேல் டயர் தடங்கள் எப்போதும் இருக்கும். கடைசி நொடியில் குறுக்கே வெட்டியவை சில. பாதையைத் தவறவிட்டு அங்கேயே நின்று ரிவர்ஸ் எடுத்தவை சில. பின்னால் வருபவர் அந்த இடத்தில் நிற்கும் வண்டியை எதிர்பார்ப்பதே இல்லை. தவறிவிட்டால் நேரே போய் அடுத்த வழியில் இறங்கித் திரும்புங்கள், ஐந்தோ பத்தோ நிமிடம் போகும், அவ்வளவுதான். விளையாடுபவர்களிடம் நான் கேட்பது: கேமராவைத் தரை மட்டத்துக்கு இறக்கி, காருக்குப் பின்னால் போய், பாதை பிரிவது எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த இளம் பொறியாளர் அப்படிப் பார்த்திருக்கிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். இதழ்கள் விரிந்திருந்தன, பக்கச் சாலை வந்திருந்தது, சேரும் தடங்கள் நீண்டிருந்தன. சந்திப்பு முன்பைவிட இரண்டு மடங்கு அகலம். "நாலு தெருவை இடிக்க வேண்டியதாயிற்று சார், ஒரு பள்ளிக்கூடமும் போச்சு" என்றார். சரி, இப்போது அந்தப் பள்ளியைக் காப்பாற்ற எந்த இதழை எடுத்துவிட்டு நேரடிப் பாலம் போடலாம் என்று பார்ப்போம் என்று சொல்லி, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.