மாபெரும் பஞ்சமா, நெடுவறட்சியா?

கொலராடோ ஆற்றின் மீட் ஏரி வற்றிக் கிடக்கும் படத்தைப் போட்டு ‘அமெரிக்காவில் மாபெரும் பஞ்சம்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், திரும்பத் திரும்ப வருகிறது. கொஞ்சம் கவனமானவர்கள் ‘மெகா வறட்சி’ என்கிறார்கள். தனித்தமிழ் அன்பர்கள் ‘பெருவறட்சி’ என்கிறார்கள். ‘மெகாட்ராட்’ (megadrought) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இந்த மூன்றிலுமே எனக்கு உடன்பாடில்லை.

மெகாட்ராட் என்பது ஏறத்தாழ இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ நீளும் வறட்சி. ‘மெகா’ கிரேக்கச் சொல். பெரியது என்று பொருள். 1998இல் கோனி வுட்ஹவுஸும் ஜோனதன் ஓவர்பெக்கும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலானது. நம் பக்கம் திரள் - திரட்சி, மருள் - மருட்சி போல வறள் - வறட்சி. குறளின் ‘வானம் வறக்குமேல்’ என்பதும் இதே குடும்பம். வேர் ஆராய்ச்சி இதுபோதும்.

பஞ்சத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தண்ணீர்ப் பஞ்சம், ஆள் பஞ்சம் என்றெல்லாம் சொல்கிறோம், உண்மைதான். ஆனால் வெறும் ‘பஞ்சம்’ என்றால் சோற்றுக்கு இல்லாமல் சாவது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் இருந்தது. அதற்குக் காரணமாகும் அளவுக்கு வறட்சி இல்லை. இன்றைய அமெரிக்காவின் அரிசோனாவில் வறட்சி உண்டு, பஞ்சம் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் யார் செய்த தவறு, எது வானம் செய்தது என்பதே மறைந்துபோகும்.

இனி ‘பெரு’வுக்கு வருவோம். மெகா என்றால் பெரியதுதானே, அப்புறம் என்ன என்கிறார்கள். மூலச்சொல்லின் உறுப்பைப் பெயர்த்தால் போதும், அது எதைச் சுட்டுகிறது என்று பார்க்கத் தேவையில்லை என்ற இந்தப் பழக்கம்தான் நம் கலைச்சொல் பட்டியல்களைக் கெடுத்து வைத்திருக்கிறது. பெருவெள்ளம், பெருமழை என்றால் நாம் அளவையும் கடுமையையும் நினைக்கிறோம். மெகாட்ராட்டில் முக்கியம் கடுமை அல்ல, நீளம். நடு சிலியைப் பாருங்கள். 2010 முதல் பல ஆண்டுகளுக்கு அங்கே மழை வழக்கத்தைவிடச் சராசரியாக 20 முதல் 40 சதவீதம் வரை குறைவு. ஒரே ஓர் ஆண்டு அப்படிப் போனால் யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். விடாமல் தொடர்ந்ததுதான் அணைகளையும் நிலத்தடி நீரையும் உறிஞ்சிவிட்டது. 2000இல் தொடங்கிய அமெரிக்கத் தென்மேற்கு வறட்சியிலோ 2005, 2019 போல நல்ல மழையும் பனியும் பெய்த ஆண்டுகளும் நடுவில் உண்டு. ‘பெருவறட்சி’ என்று படித்தவர் ‘அதான் மழை பெய்ததே’ என்று கேட்டால் என்ன பதில்?

பருவத்துக்குப் ‘பெரும்பொழுது’ என்று இலக்கணத்திலேயே இல்லையா, பெரு என்பது நீளத்தையும் குறிக்குமே என்று ஒரு வாதம் உண்டு. நல்ல வாதம்தான். ஆனால் அங்கே அது பொழுதோடு சேர்கிறது. பெரிய பொழுது என்றாலே நீண்ட பொழுதுதான். வறட்சியோடு சேர்ந்தால் அந்தப் பொருள் வராது.

சொல் நம் கையிலேயே இருக்கிறது. மெகா சீரியலை யாராவது பெருந்தொடர் என்கிறோமா? நெடுந்தொடர் என்கிறோம். அங்கே மெகா என்றால் முடிவே இல்லாமல் இழுப்பது என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. அதே வழியில் நெடுவறட்சி. அடிக்குறிப்பு வேண்டாம், அகராதி வேண்டாம்.

வறட்சியைக் குறிக்கும் ‘வற்கடம்’ என்ற பழஞ்சொல்லை மீட்கலாம் என்பவர்களும் உண்டு. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நிலவியதாக பழைய இலக்கண உரையான இறையனார் களவியல் உரை சொல்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் கதையில் மன்னன் கற்றோரைக் காக்க முடியாமல் வெளியே அனுப்புகிறான். வறட்சியும் பஞ்சமும் அந்தச் சொல்லுக்குள் கலந்தே கிடக்கின்றன. சுற்றி வந்து பழைய குழப்பத்திலேயே நிற்போம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மரத்தில் ஆண்டுக்கு ஒன்றாக விழும் வளையங்களை வைத்து 2022இல் வெளியான ஆய்வு, 2000 முதல் 2021 வரையிலான 22 ஆண்டுகள் அமெரிக்கத் தென்மேற்கில் கி.பி. 800க்குப் பிறகு மிக வறண்டவை என்றது. அந்த வறட்சியின் கடுமையில் சுமார் 42 சதவீதம் மனிதர் உண்டாக்கிய வெப்பமயமாதலால் என்றும் கணித்தது. காற்று சூடாகச் சூடாக மண்ணிலிருந்தும் செடியிலிருந்தும் கூடுதலாக நீரை இழுத்துக்கொள்கிறது. மழை அதே அளவு பெய்தாலும் ஆற்றுக்கு வருவது குறையும். வறட்சி என்றால் ஒருநாள் தீரும் என்ற எதிர்பார்ப்பு உள்ளே இருக்கிறதே, இது அப்படித் தீருமா என்று கேட்டு, அங்குள்ள அறிவியலாளர்கள் சிலர் நிலமே நிரந்தரமாக உலர்ந்துபோவதைக் குறிக்கும் ‘அரிடிஃபிகேஷன்’ (aridification) என்ற சொல்லுக்கு மாறிவிட்டார்கள். அதற்கு ‘வறள்மயமாக்கல்’ என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்: ‘நிலம் வறள்தல்’ போதும். யாரும் அதை உட்கார்ந்து ஆக்கவில்லை, ‘மய’மும் வேண்டாம்.